மேப்பிள் சாறும் ஆர்.ஓ. கருவியும்: ஒரு கொள்முதல் கணக்கு

ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே ஓடும் இயந்திரத்துக்குக் கடன் வாங்கலாமா? பருவத் தொழில் செய்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் இவ்வினாவுக்கு, அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் கியூபெக் பகுதிகளில் மேப்பிள் பாகு காய்ச்சும் சிறு உற்பத்தியாளரின் கணக்கு நல்ல பாடமாகும். அங்கே இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறிவரும் நான்கு முதல் ஆறு வாரங்களே சாறு வடியும் பருவம். வடிந்த சாறு பாலைப் போல விரைவில் கெடும். தேக்கி வைத்துக் காய்ச்ச இயலாது.

சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதமே. பாகில் 66 சதவீதம் இருத்தல் வேண்டும். ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு தேவை என அறிய, 86 என்னும் எண்ணைச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுப்பது அவர்கள் மரபு. 2 சதவீதமெனில் 43 லிட்டர். அதாவது 42 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டும்.

இங்கேதான் நம் வீட்டுக் குடிநீர்க் கருவியின் உறவினனான ஆர்.ஓ. உதவுகிறது. வீட்டில் நாம் நல்ல நீரை எடுத்துக்கொண்டு கழிவைத் தள்ளுகிறோம். அவர்களோ நீரைத் தள்ளிவிட்டு எஞ்சியதைக் காய்ச்சுகின்றனர். சாற்றை 2 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினால் 21.5 லிட்டர் நீர் நீங்கும். 4 ஐ 8 ஆக்கினால் மேலும் 10.75 லிட்டர். 8 ஐ 16 ஆக்கினாலோ 5.4 லிட்டர் மட்டுமே. முதற்படியில் கிடைக்கும் ஆதாயம் அடுத்தடுத்த படிகளில் பாதி பாதியாகக் குறைகிறது. அழுத்தமும் சவ்வின் சுமையும் கூடுகின்றன. ஆகவே சிறு உற்பத்தியாளருக்கு 8 சதவீதம் போதுமென்பது நம் கருத்து. விற்பனையாளர் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

கருவியின் அளவைச் சராசரி நாளை வைத்தன்று, சாறு மிகுந்து வடியும் நாளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் 100 துளைகளிலிருந்து அத்தகைய நாளில் 600 லிட்டர் பெறுவதாகக் கொள்வோம். ஆறு சதுர அடித் தட்டையான கொப்பரை மணிக்கு 24 லிட்டர் அளவே ஆவியாக்கும். எனவே ஒரு பகலும் ஓர் இரவும் முழுதும் அடுப்பருகில் நிற்க வேண்டும். 8 சதவீதமாக்கிய 150 லிட்டரைக் காய்ச்ச ஆறு மணி நேரம் போதும். விறகும் உறக்கமும் மிச்சம்.

நீக்க வேண்டிய 450 லிட்டரை ஆறு மணி நேரத்தில் நீக்க, மணிக்கு 75 லிட்டர் திறன் தேவை. ஆனால் கருவியின் மேல் அச்சிடப்படும் திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. பனிக்காலச் சாறு உறைநிலைக்குச் சற்றே மேலிருக்கும். அப்போது சவ்வின் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஆகவே 150 லிட்டர் எனக் குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். இதைக் கவனியாது வாங்குவோர் பருவத்தின் நடுவில் தவிக்கின்றனர்.

பத்து, இருபது மரங்கள் மட்டும் உடையோருக்கு இயந்திரமே தேவையில்லை. வாளியில் மேலே உறைந்த பனிக்கட்டியில் சர்க்கரை குறைவு. அதை எடுத்தெறிந்தாலே சாறு ஓரளவு செறியும்.

விலைப்பட்டியலில் காணாத செலவுகளும் உண்டு. அன்றாடம் சவ்வைக் கழுவ வேண்டும். பிரிந்த நீரே அதற்கு ஏற்றது. குளோரின் கலந்த குழாய்நீர் சவ்வை அரிக்கும். சவ்வு உறையவும் கூடாது, உலரவும் கூடாது என்பதால் கருவிக்குக் குளிர் தாக்காத அறை வேண்டும். செறிந்த சாறு முன்னிலும் விரைவாகக் கெடும். அன்றே காய்ச்சியாக வேண்டும்.

நம் நாட்டின் வெல்ல ஆலைக்கும் இது பொருந்துமா? கரும்புச்சாற்றில் சர்க்கரை தொடக்கத்திலேயே பெரும்பாலும் 15 சதவீதத்துக்கு மேல். பிழிந்த சக்கையே விறகாகிறது. சவ்வை அடைக்கும் கசடும் மிகுதி. அங்கே முதலீட்டைக் கோருவது சவ்வன்று, சக்கையைக் குறைவாக எரிக்கும் அடுப்பே.