'செட்' என்றால் என்ன?



நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் கால் வைத்தவர்கள். முதல் வருடம் புத்தகத்தைப் பிரித்ததும் 'தெர்மோடைனமிக்ஸ்', 'எலக்ட்ரோமேக்னடிஸம்' என்று வாய் சுளுக்குகிற மாதிரி சொற்கள் நம்மைப் பயமுறுத்தும். ஆனால் உண்மையில் இந்தப் பெரிய சொற்களால் நமக்கு ஆபத்து இல்லை. அவற்றுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும். "இதுதான் நமக்குத் தெரியுமே!" என்று நாம் தாண்டிப் போகிற சின்னச் சொற்கள்தான் வைவாவிலும் வேலை இடத்திலும் காலை வாரிவிடும். அதில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு!

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆனால் 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 2-ஆம் பதிப்பில் மிக நீண்ட இடம் பிடித்தது 'செட்' என்ற வினைச்சொல்தான். 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். பிறகு அந்த அகராதியைத் திருத்தியபோது 'ரன்' என்ற சொல் 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது. அதுவும் மூன்றெழுத்துச் சொல்தான் என்பதைக் கவனியுங்கள்.

இத்தனையையும் மனப்பாடம் பண்ண முடியுமா? வேண்டியதே இல்லை. வேரைப் பிடித்தால் போதும்.

வேர் எது?

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்தோம் அல்லவா? 'அமர்' தன்வினை, 'அமர்த்து' பிறவினை. 'இரு' தன்வினை, 'இருத்து' பிறவினை. ஆங்கிலத்தில் 'சிட்' என்பதற்கு அப்படிப் பிறந்த பிறவினையே 'செட்'. ஆகவே அதன் அடிப்படைப் பொருள் 'ஓரிடத்தில் இருத்து'. அலாரம் செட் பண்ணுவது, மேசையில் பாத்திரங்களை செட் பண்ணுவது எல்லாம் இதிலிருந்து வந்தவை. இருத்திய பொருள் அசையாமல் நின்றுவிட்டால் 'இறுகியது' என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது.

பம்ப் செட், கணிதத்தில் வரும் கணம், நம்ம ஓட்டல் செட் தோசை ஆகியவற்றில் வருவது 'தொகுதி' என்ற பொருள். இதன் வேர் வேறு. 'பின்பற்றுவோர் கூட்டம்' என்ற பொருளுடைய லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இதனோடு ஒட்டிக்கொண்டது. "ஹாஸ்டல் சாப்பாடு நமக்கு செட் ஆகலைடா" என்கிறோமே, அது மட்டும் நாமே சேர்த்த பொருள். ஆங்கிலேயரிடம் சொன்னால் முழிப்பார்!

இனி நம்ம டிபார்ட்மெண்டுகளுக்கு வருவோம்.

சிவில்

சிமெண்டில் 'செட்டிங்' என்றால் இறுகத் தொடங்குவது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இனிஷியல் செட்டிங் டைம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. ஃபைனல் செட்டிங் டைம் 600 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. லேபில் விகாட் கருவியை வைத்துப் பார்ப்பது இதைத்தான். ஆனால் 'செட்டிங்' வேறு, 'ஹார்டனிங்' வேறு. செட்டிங் என்பது இளகிய நிலை போய் உருவம் நிலைப்பது. ஹார்டனிங் என்பது அதற்குப் பிறகு நாள்கணக்கில் வலிமை ஏறுவது. 28 நாள் டெஸ்ட் ஹார்டனிங்குக்குத்தான்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? 'குவிக் செட்டிங்' சிமெண்ட் 5 நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். தண்ணீருக்குள் செய்யும் வேலைக்கு அது. 'ராபிட் ஹார்டனிங்' சிமெண்ட் இறுக எடுக்கும் நேரம் சாதாரண சிமெண்டைப் போலத்தான். வலிமைதான் சீக்கிரம் ஏறும். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிக்க வேண்டிய இடத்துக்கு அது. "இரண்டுமே சீக்கிரம் ஆகிற சிமெண்டுதானே" என்று மாற்றி வாங்கினால், கலவை சட்டியில் இருக்கும்போதே இறுகிவிடும். அதில் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் வலிமை போய்விடும்.

அதே சிவிலில் பைல் அடிக்கும்போது 'செட்' என்றால், ஹேமர் ஒரு முறை விழும்போது பைல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற அளவு. அங்கே இறுகுவது செட், இங்கே இறங்குவது செட்! செட் குறையக் குறைய அடியில் தரை நன்றாகத் தாங்குகிறது என்று அர்த்தம்.

மெக்கானிக்கல்

கார்பென்டரி ஷாப்பில் ரம்பத்தின் பற்களை உற்றுப் பாருங்கள். ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று லேசாக வளைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் 'செட்'. அதனால்தான் வெட்டும் தடம் ரம்பத்தின் கனத்தைவிட அகலமாக விழுகிறது. செட் போய்விட்டால் ரம்பம் மரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் 'பெர்மனென்ட் செட்'. எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டி ஒரு கம்பியை இழுத்துவிட்டு லோடை எடுத்தால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது. மிஞ்சி நிற்கிற நீட்சிதான் அது. அலுமினியத்துக்கு மைல்ட் ஸ்டீல் மாதிரி ஈல்டு பாயிண்ட் தெளிவாகத் தெரியாது. ஆகவே 0.2 சதவீத பெர்மனென்ட் செட் உண்டாக்கும் ஸ்ட்ரெஸ்ஸை 'ப்ரூஃப் ஸ்ட்ரெஸ்' என்று எடுத்துக்கொள்கிறோம். 50 மி.மீ. கேஜ் நீளத்துக்கு இது 0.1 மி.மீ.

எலக்ட்ரிக்கல்

ஓவர் கரண்ட் ரிலேயில் 'பிளக் செட்டிங்' 125 என்று இருந்தால் அது ஆம்பியர் அல்ல, சதவீதம். 5 ஆம்பியர் ரிலே 6.25 ஆம்பியரில்தான் இயங்கத் தொடங்கும். சி.டி. விகிதம் 400/5 என்றால் லைனில் 500 ஆம்பியர் ஓட வேண்டும். 125 ஆம்பியர் என்று நினைத்துக் கணக்குப் போட்டால் மதிப்பெண் மட்டுமா போகும்?

எலக்ட்ரானிக்ஸ்

எஸ்-ஆர் ஃபிளிப்ஃபிளாப்பில் எஸ் என்பது 'செட்', ஆர் என்பது 'ரீசெட்'. நார் கேட்டுகளால் அமைத்ததில் எஸ் = 1, ஆர் = 0 கொடுத்தால் கியூ = 1. பிறகு எஸ்ஸை 0 ஆக்கினாலும் கியூ 1-லேயே நிற்கும். 'இருத்துதல்' என்ற வேர்ப்பொருள் இங்கே அப்படியே இருக்கிறது பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று சோதனைகள் போதும்.

1. பெயரா, வினையா என்று பாருங்கள். 'தொகுதி' என்றால் பெயர்ச்சொல்லாகத்தான் வரும்.

2. பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். இனிஷியல், பெர்மனென்ட், பிளக் ஆகியவையே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

3. அலகைப் பாருங்கள். நிமிடம் என்றால் சிமெண்ட். மி.மீ. என்றால் பைல். சதவீதம் என்றால் ரிலே அல்லது பெர்மனென்ட் செட். வெறும் 0, 1 என்றால் ஃபிளிப்ஃபிளாப்.

"செட் என்றால் என்ன?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால் திகைக்காதீர்கள். "எந்த செட், சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பாடம் தெரியும் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். பிட்ச், ஹெட், கீ, லோட், ரன் என்று பக்கத்துக்கு ஒரு சொல் எழுதுங்கள். உங்கள் டிபார்ட்மெண்ட் அர்த்தத்தை நீங்கள் எழுதிவிட்டு, பக்கத்து டிபார்ட்மெண்ட் நண்பனிடம் கொடுத்து அவன் அர்த்தத்தையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் அந்த நோட்டு நிரம்பிவிடும், ஆங்கிலப் பயமும் போய்விடும்.

வெற்றி நமதே!