பரோட்டா ஊரில் கோதுமை இல்லாத ஐப்பசி

கோதுமை ஆகாத உடம்போடு தேனிப் பக்கம் வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தோசைக்கல்லை. பழனிசெட்டிபட்டியில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் கடைகளில் கல் பரோட்டாவுக்குப் போய்விடும். கம்பம் ரோட்டில் நடந்தால் வரிசையாகக் கொத்துச் சத்தம் கேட்கும். நடுவில் யாராவது தோசை கேட்டால், கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, அதிலேயே ஊற்றுவார்கள். மாவு என்னவோ அரிசியும் உளுந்தும்தான். ஆனால் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிற மைதா எனக்குப் போதும், அடுத்த நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க.

எனக்கு இருப்பது செலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் நோய். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த 20 மில்லிகிராம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் “இதுல கோதுமை இருக்கா?” என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், மனதறிந்து உண்மையாகவே சொல்வார்கள். “அண்ணே, இந்தக் கல்லுல பரோட்டா போட்டீங்களா? இந்த எண்ணெயில பூரி போட்டீங்களா?” என்று கேட்டால் சரியான பதில் வரும். “ஆமா தம்பி, அதே எண்ணெதான்” என்று சொல்லிவிட்டு, “வேணும்னா இட்லி தர்றேன், சூடா இருக்கு” என்று அவர்களே வழியும் காட்டுவார்கள்.

காலை இட்லிதான் ஆகப் பாதுகாப்பு. தட்டில் ஊற்றி ஆவியில் வேகிறது; கல்லும் இல்லை, எண்ணெயும் இல்லை. தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளலாம். சாம்பாரில்தான் வில்லங்கம் பெருங்காயத்தின் வடிவில் வரும். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற பிசினை அப்படியே விற்பது அபூர்வம். காரத்தைக் குறைக்க மாவு கலக்கிறார்கள், பல கம்பெனிகள் கலப்பது மைதா. சிலது அரிசி மாவு கலக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் தெரியும். சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய், இட்லிப் பொடி என்று நம் சமையலில் அது நுழையாத இடம் குறைவு. என் வீட்டில் பெருங்காயத்தையே நிறுத்திவிட்டோம். பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். அங்கே வாங்கிய பூண்டை நாலு பல் கூடுதலாகத் தட்டிப் போட்டால் ரசம் குறை சொல்ல முடியாதபடி இருக்கும். மழைக்கு அதுவே மருந்து.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு கோதுமை நிலம் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரில், லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அந்தக் கணக்கில் நாங்கள் கடைமடை. ஜூனில் தண்ணீர் திறந்த வருஷங்களில் முதல் போகத்தின் அறுப்பு ஐப்பசி மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் நடக்கும். வெயில் தலைகாட்டிய உடனே ரோட்டோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள். நஞ்சை போக மிச்சமிருக்கிற மானாவாரிக் காடுகளில் சோளமும் கம்பும். எங்கள் அப்பத்தா காலத்தில் சப்பாத்தி என்பது காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற பண்டம். இப்போது சர்க்கரை என்றாலே ராத்திரி சப்பாத்தி என்றாகிவிட்டது. நான் மறுத்தால், “அதுதானப்பா உடம்புக்கு நல்லது” என்று எனக்கே வைத்தியம் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை என்றால் தேனி வாரச்சந்தை. சென்னையிலிருந்து வருகிற நண்பர்களை, 2023-லிருந்து போடி வரை ஓடுகிற ரயிலில் வந்து இறங்கியதும் நேரே அங்கேதான் கூட்டிப்போவேன். கேப்பை, கம்பு, குதிரைவாலி, சாமை எல்லாம் கிடைக்கும். தானியமாக வாங்குங்கள், மாவாக வாங்காதீர்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில்தான் அடுத்து கேப்பை விழும். முதலில் வருகிற மாவில் முந்தைய ஆளின் கோதுமை இருக்கும். நான் மில்காரரிடம் சொல்லிவைத்து, பச்சரிசி அரைத்தவருக்குப் பின்னால் நிற்பேன். அப்படியும் முதலில் விழுகிற இரண்டு படி மாவை மாட்டுக்குக் கொடுத்துவிடுவேன். கேப்பையை ஊறவைத்து வீட்டுக் கிரைண்டரில் ஆட்டிக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது. தீபாவளி நெருங்கும்போது அதிரசத்துக்கு ஈர அரிசி இடிக்கிற இயந்திரம் ராப்பகலாக ஓடும். எங்கள் பக்கத்து மில்லில் அதில் கோதுமை போடுவதே இல்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் மேற்கே போடி மலை மேகத்துக்குள் போய்விடும். அன்றைக்குக் களிதான். அரிசி நொய்யை முதலில் குழைய வேகவிட்டு, கேப்பை மாவைக் கொட்டி, மூடி வைத்து, பிறகு துடுப்பு போட்டுக் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். கை நோகும். ஈரக் கையால் உருட்டி, நடுவில் குழி செய்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மனசு வராது. நகரத்திலிருந்து வந்தவர்கள் முதல் கவளத்தை மெல்லப் பார்ப்பார்கள். களி மெல்லுவதற்கு இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

டீக்கடையில் டீ குடிக்கலாம். மால்ட் பானம் கலக்கிய தம்ளரோ கரண்டியோ டீயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மால்ட் என்றால் பார்லி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற வெட்டுக் கேக்கும் பஜ்ஜியும் ஆமவடையும் நமக்கு இல்லை. வடை பருப்புதான் என்றாலும் எண்ணெய் பொது. மழைக்கு ஏதாவது கொறிக்க வேண்டும் என்றால் தள்ளுவண்டியில் அவித்த கடலையும் சுட்ட சோளக்கதிரும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் பருத்திப்பால் கிடைத்தால் விடாதீர்கள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். கெட்டியாக்க என்ன மாவு போட்டார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு, எனக்கும் வயிறு உப்புகிறதே என்று நாளையிலிருந்து கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியாவில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில் இருந்த செலியாக், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். அதனால் இங்கே யாருக்கும் சட்டென்று அந்தச் சந்தேகம் வராது. மாத்திரைக்கு மசியாத ரத்தசோகையோ, நிற்காத வயிற்றுப்போக்கோ, காரணம் புரியாத எடைக் குறைவோ இருந்தால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

சொந்தக்காரர் வீடுகள்தான் உள்ளபடியே கஷ்டம். “ஒத்துக்காது” என்றால் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். “கொஞ்சூண்டு அல்வா, ஒண்ணும் செய்யாதுப்பா” என்று அத்தை வாயருகே கொண்டுவருவார். “டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார் அத்தை” என்றால் கை இறங்கும். அதோடு நிறுத்தாமல் வேறொன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும். அல்வா, பாதுஷா, கேசரி இல்லை என்றால் என்ன, வீட்டில் சுட்ட அதிரசம் இருக்கிறது. அரிசியும் உளுந்தும் கருப்பட்டியும் சேர்ந்த சீரணி இருக்கிறது. பழனிக்குப் போய்வந்தவர் யாராவது பஞ்சாமிர்தம் வைத்திருப்பார்.

ரயிலேறும்போது கட்டுச்சோறாக இட்லியை எள்ளுப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். பொடியில் பெருங்காயம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடிக்கிறவர்களின் கை தன்னால் அந்த டப்பாவுக்குப் போகும்.