அயலார் அனுபவமும் பயிர்க் காப்பீடும்

நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறம் போன்ற ஊர்களில் ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுப்பதை உழவர் அயல் தோட்டத்தில் கண்டே கற்கின்றனர். பயிர்க் காப்பீட்டையும் அவ்வாறே கற்பதில் இடர் உண்டு. வாழை சாய்ந்தும் பணம் வரவில்லை என அயலார் கூறினால், நாம் அடுத்த ஆண்டு பதிவு செய்யத் தயங்குகிறோம். ஆனால், 2016 முதல் நடைமுறையிலுள்ள மறுசீரமைக்கப்பட்ட வானிலை சார்ந்த காப்பீட்டில், அடிப்படை இழப்பீடு வானிலை நிலையப் பதிவுகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சாய்ந்த மரங்களை எண்ணி அன்று. காற்றுச் சேதத்துக்குக் கூடுதல் காப்பு உண்டா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

தோட்டக்கலைப் பயிருக்கு உழவர் செலுத்தும் பங்கு காப்புத்தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாது, அதாவது ரூ.10,000-க்கு அதிகபட்சம் ரூ.500. 2020 கரீப் பருவம் முதல் கடன் பெற்றோருக்கும் இது கட்டாயமன்று. முடிவு நம்முடையது. எனவே, அயலாரிடம் ‘பணம் வந்ததா?’ என்பதோடு, ‘ஏன் வந்தது, ஏன் வரவில்லை?’ என்றும் கேட்போம்.