கோடும் கருத்தும்

நூலட்டை, விளம்பரப் பலகை, கைப்பேசித் திரை ஆகியவற்றின் பின்னே வரைகலை வடிவமைப்பாளரின் உழைப்பு உள்ளது. இத்துறையில் உயர்வதற்குக் கணினி மென்பொருளை இயக்கக் கற்றால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் ரூபாய்க் குறியீடே சான்று.

நாடு தழுவிய போட்டியில் தேர்ந்தெடுக்கப்பெற்ற இக்குறியீட்டை 15.07.2010 அன்று இந்திய அரசு ஏற்றது. இதனை வடிவமைத்தவர் தமிழ்நாட்டில் பிறந்த உதயகுமார். கட்டடக்கலை பயின்ற அவர், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துகளின் வடிவங்களை ஆராய்ந்தார். இவ்வாறு உற்றுநோக்குதல் முதல் திறன்.

தேவநாகரியின் ‘ர’ எழுத்தையும், செங்குத்துக் கோடு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தையும் அவர் இணைத்தார். வேண்டாததை நீக்குதல் இரண்டாம் திறன். மேலுள்ள இணைகோடுகள் மூவண்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு கோட்டிற்கும் காரணம் கூறவல்லவராதல் மூன்றாம் திறன்.

மாணவர்களே! வீட்டில் தமிழும் பள்ளியில் தேவநாகரியும் ஆங்கிலமும் எழுதுகிறீர்கள். அதனைச் சுமையென எண்ணாதீர்கள். மூவகை எழுத்துகளின் வளைவும் நெளிவும் உங்கள் கைக்குப் பழகியுள்ளன. வடிவமைப்பாளருக்கு அதுவே முதற்பொருள்.

அருஞ்சொற்பொருள்
தழுவிய – உள்ளடக்கிய
சான்று – ஆதாரம்
முதற்பொருள் – மூலதனம்

பயிற்சி
1. ரூபாய்க் குறியீட்டில் இணைந்துள்ள எழுத்துகள் யாவை?
2. வடிவமைப்பாளருக்கு வேண்டிய மூன்று திறன்களை எழுதுக.
3. பிரித்து எழுதுக: நூலட்டை, இக்குறியீடு.
4. உம் பெயரின் முதலெழுத்தைத் தமிழிலும் தேவநாகரியிலும் எழுதி, இரண்டையும் இணைத்து ஒரு சின்னம் வரைக. அதன் ஒவ்வொரு கோட்டிற்கும் காரணம் கூறுக.