நெஞ்சில் அடிபட்டவருக்கு முதலுதவி



எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நெஞ்சில் அடிபட்டவர்கள் அடிக்கடி வருகிறார்கள். ஸ்டியரிங்கில் மோதிய டிரைவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த வாலிபர், பனை ஏறி விழுந்தவர், மாடு முட்டியவர் என்று இவர்கள் பலவகை. இவர்களில் சிலருடைய உயிர், மருத்துவமனை வாசலுக்கு வருமுன்பே அருகில் நிற்பவரின் கைகளில் இருக்கிறது. அப்படி நிற்பவர் நீங்களாகவும் இருக்கலாம். ஆகவே இந்த இதழில் இச்சிறு பாடத்தைத் தருகிறோம்.

உள்ளே நடப்பது என்ன?

நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தினால், காற்று இந்த இடைவெளிக்குள் கசியும். சில வேளைகளில் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. அப்போது ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் ஏறும், நுரையீரல் சுருங்கும், இருதயத்துக்கு இரத்தம் திரும்பி வருவதும் தடைப்படும். இது சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக் கூடியது. அதே இடைவெளியில் இரத்தமும் தேங்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே தேங்கியிருக்கக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

1. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30-ஐத் தாண்டினால் ஆபத்து.

2. நெஞ்சின் இரு பக்கமும் ஒன்றுபோல ஏறி இறங்குகின்றனவா? அடுத்தடுத்த விலா எலும்புகள் இரண்டு இடங்களில் முறிந்திருந்தால், மூச்சு இழுக்கும்போது அந்தப் பகுதி மட்டும் உள்ளே குழியும்.

3. உதடு நீலம் பூத்திருக்கிறதா? கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா? பேச்சு திக்கித் திணறுகிறதா?

4. காயத்திலிருந்து காற்றுச் சத்தமோ நுரையோ வருகிறதா?

எழுந்து நடந்துவிட்டார் என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். கன்றிப்போன நுரையீரல் அடுத்த ஓரிரு நாட்களில்தான் மோசமாகும். வயதானவர்களுக்குச் சிறு அடியிலேயே விலா முறியும். குழந்தைகளின் விலா வளைந்து கொடுக்கும். எலும்பு முறியாமலே நுரையீரல் காயப்பட்டிருக்கலாம்.

செய்ய வேண்டியவை

முதலில் 108-ஐ அழையுங்கள். 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இந்த ஆம்புலன்ஸ் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. நினைவோடு இருப்பவர் மூச்சுவிட எளிதான நிலையில் இருக்கட்டும். கழுத்திலும் முதுகிலும் அடியில்லை என்றால், சாய்ந்து உட்கார்ந்த நிலையே பலருக்கு நல்லது. இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மூச்சு நின்றுபோனால், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தாமதமின்றித் தொடங்குங்கள்.

செய்யக் கூடாதவை

குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ பிடுங்காதீர்கள். இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம். காற்று வரும் காயத்தைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடாதீர்கள். மூன்று பக்கம் ஒட்டி ஒரு பக்கம் திறந்துவிடும்படி முன்பு கற்பித்தார்கள். 2015-இல் வெளியான சர்வதேச முதலுதவிப் பரிந்துரைகளோ, காற்றுப் புகாதபடி மூடுவதைவிடத் திறந்து விடுவதே நலம் என்கின்றன. மூடினால் காற்று உள்ளேயே அடைபட்டுவிடும் என்பதே காரணம்.

விலா முறிந்தது என்று துண்டால் நெஞ்சை இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஆழ்ந்து மூச்சுவிட முடியாமல் சளி கட்டி நிமோனியா வரும். சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆட்டோவில் கால்களை மடக்கிப் பலர் மடியில் கிடத்திக்கொண்டு வருவதையும் இயன்றவரை தவிருங்கள்.

பிறகு எங்கள் பங்கு

ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். அடைபட்ட காற்றைப் பயிற்சி பெற்றவர்கள் ஊசியால் வெளியேற்றுவதும் உண்டு. முன்பு காறை எலும்புக்குக் கீழே, இரண்டாம் விலா இடைவெளியில் குத்துவார்கள். அங்கே சதை தடிப்பாக இருப்பதால் ஊசி பலருக்கு உள்ளே எட்டுவதில்லை. ஆகவே 2018 முதல் விபத்துச் சிகிச்சைப் பயிற்சி நூல்கள், பெரியவர்களுக்குப் பக்கவாட்டில், நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளியைக் காட்டுகின்றன.

மருத்துவமனையில் நாங்கள் அந்த இடைவெளிக்குள் ஒரு குழாயை இட்டு, அதன் மறுமுனையைப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கிறோம். காற்று குமிழியிட்டு வெளியேறும். திரும்ப உள்ளே போகாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கொட்ஹார்ட் பியூலாவ் என்ற மருத்துவர் 1870-களில் கையாண்ட முறை இது. மோதியதாலோ விழுந்ததாலோ நெஞ்சில் காயம்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும். மற்றவர்களுக்கு ஆக்ஸிஜன், இந்தக் குழாய், நல்ல வலி நிவாரணம், மூச்சுப் பயிற்சி ஆகியவையே போதும். ஆனால் இவை உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை இந்தக் குழாயையும் பாட்டிலையும் எங்கள் அலமாரியில் ஆயத்தமாக வைக்கிறது. அடிபட்டவர் உயிரோடு அவற்றை வந்தடைய, சாலையில் ஒருவர் நின்று உதவ வேண்டும். போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உதவி செய்பவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயரையும் முகவரியையும் தரும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்திலும் பெண்கள் ஐக்கியத்திலும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.