603001 பகா எண்ணா?

போன மாதம் கரும்பலகையில் நான் ஒரு தப்பு எழுதினேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

மாமல்லபுரம் கடற்கரையில் என் அத்தை சோழி விற்கிறார். 12 சோழியை வரிசைக்கு 4 வீதம் 3 வரிசையாக அடுக்கலாம். 13 சோழி இருந்தால் எப்படிப் பார்த்தாலும் ஒரே நீள வரிசைதான். 13 பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது.

செங்கல்பட்டின் பின்கோடு 603001. 2, 3, 5, 11 எல்லாம் போட்டுப் பார்த்தேன், வகுபடவில்லை. உடனே "நம்ம செங்கல்பட்டு ஒரு பகா எண்!" என்று பலகையில் பெரிசாக எழுதிவிட்டேன். ஏழாவது படிக்கும் என் தங்கை கேட்டாள், "அக்கா, 7 போட்டுப் பார்த்தியா?" 7-க்குச் சுருக்கு வழி தெரியாததால் அதை விட்டுவிட்டேன். 7 × 86143 = 603001. எல்லார் முன்னாலும் நானே அழித்தேன். அடுத்து திருக்கழுக்குன்றம் 603109. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. நல்லவேளை, அது 13 × 46393.

எதுவரை வகுத்துப் பார்க்கணும்? வர்க்கமூலம் வரை போதும். ஏனென்றால் இரண்டு காரணிகளில் ஒன்றாவது அதைத் தாண்டாது. 603001-க்கு 776 வரை. ஆனால் 100 இலக்க எண் என்றால்? ஆயுசு பத்தாது.

வேகமான வழிகள் முன்பும் இருந்தன. அவற்றில் சில அதிர்ஷ்டத்தை நம்பின, சில நிரூபிக்காத ஊகத்தை நம்பின. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் இவை எதுவும் வேண்டாத ஒரு வேகமான வழியைக் கண்டுபிடித்தார்கள். அதன் விதை நம் பாடத்திலேயே இருக்கிறது! (அ + 1)⁵ விரித்தால் நடுவில் வரும் கெழுக்கள் 5, 10, 10, 5. எல்லாம் 5-ஆல் வகுபடும். (அ + 1)⁴-இல் 4, 6, 4. இதில் 6 மாட்டிக்கொள்கிறது, 4-ஆல் வகுபடாது. பகா எண்ணுக்கு எல்லாமே வகுபடும், பகு எண்ணுக்கு ஒன்றாவது உதைக்கும். பெரிய எண்ணுக்கு இதை முழுசாக விரிக்க முடியாதே? அவர்கள் ஒரு சின்னக் கோவையால் வகுத்து, மீதியை மட்டும் பார்த்தார்கள்.

2024 அக்டோபரில் ஒரு ராட்சச பகா எண் கிடைத்தது (அதைச் சோதித்த முறை வேறு). கண்டவர் அமெரிக்காவின் லூக் டியூரன்ட். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி 1 கழிக்க வேண்டும். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 1000 இலக்கம் எழுதினால் 200 பக்க நோட்டு 206 வேண்டும்.

206-ஆவது நோட்டின் 25-ஆம் பக்கத்தில் கடைசி இலக்கம் என்ன தெரியுமா? 2-ஐப் பெருக்கிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றிச் சுற்றி வரும். 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் 2. அதில் 1 கழித்தால் 1.

இதைத் தங்கையிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒட்டுகிறேன்.