நீரழுத்த உருளையும் அதன் செப்பமும்

மலைநாட்டில் மழைக்காலம் வீதிகளுக்குச் சோதனைக் காலமாகும். வட்டவளையில் ஆண்டுதோறும் 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருந்தெருவும், அதினின்று தேயிலைத் தோட்டங்களுக்குக் கிளைத்துச் செல்லும் ஒடுங்கிய பாதைகளும் மலைச்சரிவை வெட்டியே அமைக்கப்பட்டவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் மலைநாட்டு வீதிகள் பல அடைபட்டன. லயன் குடியிருப்புக்கும் வைத்தியசாலைக்கும் இடையே குவிந்து கிடக்கும் மண்ணை அத்தகைய வேளையில் அகற்ற வல்லது, மக்கள் ‘பெக்கோ’ என வழங்கும் பொறியாகும். அதன் வலிமை சில எஃகு உருளைகளுள் அடங்கியுள்ளது. பழைய பொறியாயின், அவ்வுருளைகளைச் செம்மையாகப் பேணுவதிலேயே அதன் பயன் தங்கியுள்ளது. அவற்றின் தத்துவத்தையும் செப்பனிடும் முறையையும் இங்கே சுருங்கக் கூறுவாம்.

தத்துவம்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் எத்திசையிலும் குறைவின்றிக் கடத்தப்படும் என்பது 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. 100 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள உருளையின் முசலப் பரப்பு ஏறக்குறைய 7,854 சதுர மில்லிமீற்றராகும். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் வீதம் எண்ணெய் அமுக்குமாயின், முசலம் தள்ளும் விசை 157,000 நியூற்றன். அதாவது 16 தொன் பாரத்துக்குச் சமமானது. தண்டு உள்ள பக்கத்தில் இவ்விசை குறையும். தண்டின் விட்டம் 60 மில்லிமீற்றராயின், அதன் பரப்பைக் கழிக்க எஞ்சும் வளையப் பரப்பு 5,027 சதுர மில்லிமீற்றரே. விசையும் ஏறக்குறைய 10 தொன் பாரத்தளவே. ஒரே உருளை தள்ளும்போது வலிதாகவும் இழுக்கும்போது மெலிதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இத்தத்துவத்தைக் கொண்டு இங்கிலாந்தில் யோசப் பிராமா 1795ஆம் ஆண்டில் நீரழுத்திக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும் முசலத்தைச் சுற்றி நீர் கசிந்தமை அவருக்குப் பெருந்தடையாயிற்று. கிண்ண வடிவிலமைந்த தோல் வளையமே அதற்குத் தீர்வாயிற்று. அவருடைய பட்டறையிற் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லே அதனைக் கண்டார் என்பர். அமுக்கம் கூடுந்தோறும் அதே அமுக்கம் வளையத்தின் உதட்டை உலோகத்தோடு இறுக்கி அணைக்கும். இன்று தோலுக்குப் பதிலாகச் செயற்கை இறப்பரும் பொலியூரித்தேனும் வந்துள்ளன, தத்துவம் மாறவில்லை. ஆகவே, உதடு அணையும் உலோகம் வழவழப்பாக இல்லையெனின் எவ்வளவு சிறந்த சீலும் பயன்படாது.

கசிவின் காரணம்

கசிவைக் கண்டவுடன் சீலை மட்டும் மாற்றிவிடுவது பொதுவழக்கு. சில வாரங்களில் அக்கசிவு மீளவும் தோன்றும். கசிவு நோயின் அறிகுறியேயன்றி நோயன்று. தண்டின் மேலுள்ள குரோமிய முலாம் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்களவு தடிப்பினது. பொறி நீட்டிய தண்டுடன் மாதக்கணக்கில் மூடுபனியில் நிற்குமாயின், முலாமின் நுண்வெடிப்புகளினூடாக ஈரம் புகுந்து துருக்குழிகளை உண்டாக்கும். அக்குழிகள் ஒவ்வோர் அசைவிலும் சீலின் உதட்டை அராவும். தண்டின் வாயிலிலுள்ள துடைப்பு வளையம் தேய்ந்திருப்பின், சேறும் மணலும் உட்புகும். கண்ணுக்குப் புலனாகாத துகள்களும் எண்ணெயோடு சுற்றி உருளையின் உட்சுவரைக் கீறும்.

உயர்த்திய கை தானே தாழுமாயின், குற்றம் முசலச் சீலிலும் இருக்கலாம். கட்டுப்பாட்டு வால்விலும் இருக்கலாம். இதனை ஆராயுமுன் கையையும் வாளியையும் நிலத்திலோ உறுதியான முட்டுகளிலோ தங்கச் செய்தல் வேண்டும். பின் தண்டை முற்றாக நீட்டிப் பொறியை நிறுத்தி, அமுக்கத்தை நீக்கி, தண்டுப் பக்கக் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைத்திடுக. எவரும் அண்மையில் நில்லாதிருக்க, மறுபக்கத்துக்கு மட்டும் மெல்ல அமுக்கம் கொடுத்திடுக. திறந்த துளையிலிருந்து எண்ணெய் இடைவிடாது வருமாயின் முசலச் சீல் பழுதுற்றது. வாராதாயின் வால்வை ஆராய்க.

செப்பனிடும் முறை

உருளையைத் திறக்குமுன் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்தல் முதற்கடன். கழற்றிய தண்டை இரு தாங்கிகளில் வைத்துச் சுழற்றி, முகப்பு மானியால் வளைவை அளத்தல் வேண்டும். வளைந்த தண்டு புதிய சீலையும் ஒருபக்கமாகத் தேய்க்கும். சிறு பிசிறை நுண்கல்லால் நீக்கலாம். ஆழ்ந்த கீறலுக்கும் துருக்குழிக்கும் மறுமுலாமோ புதிய தண்டோ வேண்டும்.

பழைய ஆங்கிலப் பொறிகளில் அளவுகள் அங்குலத்தில் அமைந்தவை. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். அங்கே 50 மில்லிமீற்றர்ச் சீலைப் பொருத்துவோர் 0.8 மில்லிமீற்றர் வேறுபாட்டைச் சிறிதெனக் கருதுவர்; சீலுக்கோ அது மிகப் பெரிது. பழைய சீல் தேய்ந்தும் ஊதியும் இருக்குமாதலின், அதனை அளவாது அது அமரும் தவாளிப்பையே அளத்தல் முறையாகும். சீலின் உதடு அமுக்கம் வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். கூரிய கருவியால் நெம்பிப் பொருத்துதல் தகாது. பூட்டியபின், பாரமின்றிப் பலமுறை மெல்ல நீட்டியும் மடக்கியும் காற்றை வெளியேற்றுக.

உயிர்காப்பு

எண்ணெய் தாங்கும் பாரத்தைத் தாங்கப்பட்ட பாரமென எண்ணலாகாது. குழாய் ஒன்று வெடித்தால் உயர்த்திய கை நொடியில் விழும். ஆதலால் முட்டுக் கொடாது அதன் கீழே எவரும் செல்லலாகாது. சிக்கிய முசலத்தைக் காற்றமுக்கத்தால் வெளியே தள்ளுதலும், எண்ணெய் எஞ்சிய மூடிய உருளையை ஒட்டவைக்க முயலுதலும் உயிருக்கு இறுதி விளைக்கும்.

ஊசித்துளைக் கசிவைக் கையாற் தடவித் தேடலாகாது; மட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டே தேடுக. உயர் அமுக்க எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாகத் தோன்றினும், உள்ளே தசை அழியத் தொடங்கும்; சத்திரசிகிச்சை தாமதிப்பின் விரலையோ கையையோ இழக்க நேரும். வலியில்லை என்று வேலையைத் தொடராது, எண்ணெய் உட்புகுந்தது என மருத்துவரிடம் கூறி உடனே சிகிச்சை பெறுதல் வேண்டும்.

வேலை முடிந்தபின் தண்டுகளை இயன்றவரை உள்ளிழுத்து நிறுத்தி, வெளியே நிற்கும் பகுதிக்கு நெய்ப்பசை பூசுதல் சிறு வேலையே. அதனால் ஓராண்டிற் பழுதடையும் தண்டு பல்லாண்டு நிலைக்கும். பௌதிக வகுப்பிற் பஸ்காலின் தத்துவத்தைக் கற்கும் மாணவர், பட்டறை ஒன்றிற் கழற்றப்பட்ட உருளையையும் ஒருமுறை சென்று காண்பாராக. கரும்பலகையில் எழுதிய பரப்பும் அமுக்கமும், அடைபட்ட வீதியொன்றைத் திறக்கும் வலிமையாவது எங்ஙனம் என்பது அங்கே தெளிவாகும்.